கொக்கு நடந்த சேறு

எங்கள் நிலம் வருடத்தில் எட்டு மாதம் தண்ணீருக்குள் இருக்கும். நாலு மாதம் வெளியே இருக்கும். வெளியே இருக்கும்போது அது எங்களுடையது. உள்ளே இருக்கும்போது யாருடையது என்று யாரும் கேட்டதில்லை.

வடகரப்பதிப் பக்கம், அணைத் தண்ணீர் வந்து முட்டுகிற கரையில் எங்கள் ஊர். இருபது, இருபத்திரண்டு வீடு இருக்கும். அணை கட்டினபோது எங்கள் ஆட்களின் காடு, தோட்டம், கிணறு எல்லாம் உள்ளே போய்விட்டன. எல்லோரும் மேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டடி மண்ணுக்குப் பட்டயம் உண்டு. கரைக்குக் கீழே ஒரு சாண் மண்ணுக்கும் பட்டயம் கிடையாது. அது சர்க்காருடையது. வருடத்துக்கு ஒரு தடவை ஓவர்சியர் பைக்கில் வந்து, இங்கே பயிர் வைக்கக் கூடாது என்று மலையாளத்தில் சொல்வார். நாங்கள் தமிழில் சரிங்க சார் என்போம். மோர் குடித்துவிட்டுப் போவார். அவர் வேலை முடிந்தது, எங்கள் வேலை ஆரம்பிக்கும்.

தை பிறந்தால் கீழே பாலக்காட்டு வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். இங்கே தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். இறங்க இறங்கக் கருப்பாகச் சேறு வெளியே வரும். எரு வேண்டாம், உழவும் பெரிதாக வேண்டாம். கொள்ளு, தட்டைப்பயறு, பூசணி, எது போட்டாலும் வரும். விஷுக் கணிக்கு வைக்கிற மஞ்சள் வெள்ளரி இருக்கிறதே, அதற்கு அந்த மண்ணைப் போல வேறு மண் இல்லை. நாங்கள் அதை நிலம் என்றே சொல்வதில்லை. சேறு என்போம். எங்க சேறு, அவங்க சேறு.

எல்லை எப்படி என்றால், மேலே கரையில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு கல் இருக்கும். அது அசையாது. கீழே கல் நட முடியாது, சேறு விழுங்கிவிடும். அதனால் வருடா வருடம் தண்ணீர் ஓரத்தில் ஒரு முளை அடிப்பார்கள். கிளுவைக் குச்சி, அதன் தலையில் வெள்ளைத் துணி. கல்லுக்கும் முளைக்கும் நடுவே கயிறு பிடித்தால் அதுதான் அந்த வருடத்து எல்லை. பிறகு தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் அதே நேரில் எல்லையும் இறங்கும்.

முளையை ஒரு வருடம் இந்த வீடு அடிக்கும். மறு வருடம் பக்கத்து வீடு அடிக்கும். அடிக்கும்போது எல்லைக்கு அந்தப் பக்கத்து வீட்டார் வந்து நிற்கக் கூடாது. அடித்தபிறகு கோணல் என்று சொல்லக் கூடாது. கோணலாகப் பட்டால் வரும் வருடம் உன் முறை, நீ நேராக அடித்துக்கொள் என்பார்கள். அடித்த முளையை மட்டும் யாரும் தொடக் கூடாது. தொட்ட வீட்டுக்கு அந்த வருடம் சேறு இல்லை. முழுவதையும் பக்கத்து வீடு உழுதுகொள்ளும்.

இதெல்லாம் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. தொடக் கூடாது என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும். தொட்டால் அடி விழும் என்று நினைத்திருந்தேன். சேறே போய்விடும் என்று தெரியாது. யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு ஒன்பது வயது. அப்பா இறந்து இரண்டாவது வருடம். எங்கள் சேற்றுக்குத் தெற்கே பெரியப்பாவின் சேறு. அப்பாவின் காரியம் முடிந்த மாதமே பெரியப்பா வீட்டுக்கு வந்து, அம்மா காதில் விழும்படி சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்.

"ரண்டு சேத்தையும் ஒட்டுக்கா உழுதுக்கலாம். பயறு வந்தா ஊட்டுக்குக் குடுத்துர்றேன். ஆம்பளை இல்லாத ஊட்டுல முளை அடிக்கிறது ஆரு?"

அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். புடைப்பதை நிறுத்தவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார், போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. பெரியம்மா மட்டும் கோழி துரத்துகிற சாக்கில் எங்கள் வாசலுக்கு வருவாள். என் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்ப்பாள். கோழியை மறந்துவிட்டுப் போவாள்.

முதல் வருடம் முளை பெரியப்பாவின் முறை. நேராகத்தான் அடித்தார். இரண்டாவது வருடம் எங்கள் முறை. அம்மாதான் அடிக்க வேண்டும்.

ஒரு பெண்பிள்ளை முளை அடித்து அந்தக் கரை பார்த்ததில்லை. பெரியப்பா வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள், பார்க்கக் கூடாதே. மற்ற வீட்டுப் பெண்கள் துணி உலர்த்துகிற மாதிரி மேட்டில் நின்றார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் ஓரத்தில் நின்று மேலே இருக்கிற கல்லைப் பார்த்தாள். இரண்டு அடி இந்தப் பக்கம் வந்தாள். மறுபடி பார்த்தாள். அரை அடி அந்தப் பக்கம் போனாள். வெயில் ஏறிவிட்டது. பிறகு அடித்தாள். அவசரமே இல்லை. மேலே வந்து கையைக் கழுவினாள்.

"ஆச்சு" என்றாள்.

எங்கள் சேற்றுக்குள், பெரியப்பாவின் எல்லையை ஒட்டித்தான் ஒரு பழைய ஓடை ஓடியிருக்கிறது. தண்ணீருக்குள் இருந்தாலும் ஓடை ஓடைதானே. வண்டல் எல்லாம் அங்கேதான் படியும். மற்ற இடத்தில் கணுக்கால் வரை சேறு என்றால் அங்கே முழங்கால். வெள்ளரி அங்கேதான் போட முடியும். அம்மா அந்த வருடம் விதையை ஆவணியிலேயே சாம்பலில் புரட்டி எடுத்து வைத்திருந்தாள். விஷு வெள்ளரி வந்தால்தான் வீட்டுக்கூரை ஓடு மாற்ற முடியும். முந்தைய மழைக்கு எங்கள் அடுப்பு நனைந்திருந்தது.

முளை அடித்து மூன்றாம் நாள் கயிறு பிடிப்பார்கள். அதுவரை சேறு இறுக வேண்டும். இரண்டாம் நாள் பகலில் அம்மா கூலிக்குப் போய்விட்டாள். பள்ளிக்கூடம் லீவு. கிடாய்க்குட்டியை மேய்க்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் இறங்குகிற நாட்களில் குழிகளில் மீன் மாட்டிக்கொள்ளும். விரல் நீளம்தான் இருக்கும். கையால் அள்ளலாம். ஆனால் கிடாயைப் பிடித்துக்கொண்டு மீன் பிடிக்க முடியாது. அதற்கு என்னைவிடப் பலம். கட்டிப்போடலாம் என்றால் சுற்றிலும் ஒரு செடி இல்லை. வெள்ளைத் துணி கட்டின குச்சி ஒன்றுதான் நின்றது. முளையைத் தொடக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். கயிறு கட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த வயதில் எனக்கு அவ்வளவு சட்டம் தெரிந்திருந்தது. குச்சி மேல் கை படாமல் கயிற்றை மாட்டினேன்.

மீன் நிறைய இருந்தது. பாவாடையில் முடிந்துகொண்டு திரும்பினால், கிடாய் தூரத்தில் கோரை கடித்துக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் கயிறு. கயிற்றின் நுனியில் முளை. வெள்ளைத் துணி சேற்றில் கிடந்தது.

முளை இருந்த குழியைத் தேடினேன். ஈரச்சேறு, அதுவாகவே மூடிக்கொண்டுவிட்டது. முளைக்கு நேர் மேலே கரையில் ஒரு பனை இருந்தது என்பது ஞாபகம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பனை இரண்டு இருந்தது. இரண்டும் ஒரே உயரம்.

இழுபட்ட கோடு எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு ஒரு பனையைத் தேர்ந்தெடுத்தேன். துணியைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து கட்டினேன். கிடந்த ஒரு சிறு கல்லை எடுத்து முளையை அடித்தேன். தள்ளி நின்று பார்த்தபோது மிக நேராக இருந்தது. அம்மா அடித்ததைவிட நன்றாக இருப்பதாகக்கூட நினைத்தேன்.

அம்மா வந்தாள். மீனை ஆய்ந்தாள். ஏது மீன் என்று கேட்டாள், குழியில் என்றேன். சாப்பிட்டோம்.

மறுநாள் நான் எழுந்தபோது அம்மா பாயில் இல்லை. வாசலில் வந்து நின்றாள், கரையிலிருந்து வந்திருக்கிறாள். கெண்டைக்கால் வரை சேறு. தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் உத்திரத்தைப் பார்த்தேன்.

"எந்திரிச்சு மூஞ்சி கழுவு. கயிறு புடிக்கப் போகோணும்" என்றாள்.

கயிறு பிடிக்கிறவர் கடைக்கார ராவுத்தர். ஊரில் சேறு இல்லாத ஒரே ஆள் அவர்தான். மளிகைக்கடை வைத்திருந்தார், விதையும் விற்பார். சேறு இல்லாததால் கயிறு அவர் கையில். வடக்கு முனையிலிருந்து ஒவ்வொரு கல்லாக வருவார், ஊரே பின்னால் வரும். அவர் வாய் சும்மா இருக்காது.

ஒரு வீட்டு முளை நன்றாகவே சாய்ந்து நின்றது. ராவுத்தர் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கயிறு நேராத்தானுங்க இருக்குது. இந்தக் கரையைக் கட்டுனவந்தான் கோணலாக் கட்டிப்போட்டான்."

"ஆமாங்க மாமா, கரையைத் திருத்திப்போடலாம்" என்றான் முளை அடித்தவன்.

"திருத்து, திருத்து. மொதல்ல கடைப்பாக்கியத் திருத்து."

எல்லோரும் சிரித்தபடியே எங்கள் கல்லுக்கு வந்தார்கள். ஒருவர் கல்லில் கயிற்றை வைத்துப் பிடித்துக்கொள்ள, ராவுத்தர் மறுமுனையோடு கீழே இறங்கினார். முளையைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றினார். நிமிர்ந்து மேலே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். கயிறு எங்கள் சேற்றுக்குள் சாய்ந்து கிடந்தது. ஓடை முழுவதும் பெரியப்பாவின் பக்கம். முளைக்கும் அது இருந்திருக்க வேண்டிய இடத்துக்கும் நடுவே எட்டுத் தப்படி இருக்கும். நான் தேர்ந்தெடுத்தது தப்பான பனை.

ராவுத்தர் முளையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சேறு இறுகியிருந்தது. கிடாயின் குளம்பு ஒவ்வொன்றும் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தது. முளை இழுபட்ட கோடு கோரை வரைக்கும் போயிருந்தது. அதைச் சுற்றி என் கால்கள். ஐந்து விரலும் தெரிந்தன. முளைக்குப் பக்கத்தில் நான் முட்டி போட்ட இடம்கூட இரண்டு குழியாக இருந்தது.

பெரியப்பா முன்னால் வந்தார். ராவுத்தர் அவரிடம் கேட்டார்.

"ஏனுங்ணா, இங்கென்ன இத்தனை தடம்?"

பெரியப்பா குந்தி உட்கார்ந்தார். ஒரு குளம்புத் தடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். என் காலடி ஒன்றை வெகு நேரம் பார்த்தார். அவர் எழுந்தபோது முட்டி சொடுக்கியது, அது எனக்குக் கேட்டது.

"கொக்குங்க" என்றார்.

"கொக்குங்களா?"

"கொக்குத்தான். இந்த வருசம் கொக்கு சாஸ்தி."

ராவுத்தர் இன்னொரு தடவை கீழே பார்த்தார். "ஆமாங், கொக்குத்தான்" என்றார். "பெருங்கொக்கு. கூட ஒரு குஞ்சுக் கொக்கும் வந்திருக்குது போல."

பின்னால் யாரோ இருமினார்கள். ராவுத்தர் அம்மா பக்கம் திரும்பினார். "தங்கச்சி, முளை இதுதானுங்களே? ஒண்ணும் சொல்றதுக்கில்லையே?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "முளை நின்ன எடந்தானுங்க எல்லை" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, நாந்தான்..."

"ஊட்டுக்குப் போயி தூக்குப்போசில தண்ணி கொண்டா" என்றாள் அம்மா. "ராவுத்தருக்குத் தாகமா இருக்குது."

ராவுத்தர் தாகம் என்று சொல்லவே இல்லை. "ஆமா அம்மிணி, ஒரே தாகம்" என்றார். "ஓடு."

நான் தண்ணீர் கொண்டு வந்தபோது கயிற்று நேரில் குச்சிகள் ஊன்றி முடித்திருந்தார்கள். ராவுத்தர் ஒரு வாய் குடித்தார். மிச்சத்தை என் தலையில் தெளித்தார். அடுத்த கல்லுக்குப் போனார்கள்.

எனக்குப் பெரிய ஆறுதல். இத்தனை வருடம் கரையில் இருந்தும் பெரியவர்களுக்குக் கொக்குத் தடத்துக்கும் ஆட்டுத் தடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று நினைத்தேன். அன்று முழுவதும் அவர்கள் மேல் எனக்கு ஓர் இளக்காரம் இருந்தது. பெரியப்பா மேல் கொஞ்சம் அதிகமாகவே.

அந்த வருடம் தண்ணீர் வெகு தூரம் இறங்கியது. எல்லை சாய்வாக விழுந்தால் ஒரு கஷ்டம் உண்டு. தண்ணீர் இறங்க இறங்க, நாங்கள் இழந்த இடமும் அகலமாகிக்கொண்டே போகும். மாசியில் எட்டுத் தப்படி. பங்குனியில் பதினைந்து. பெரியப்பா ஓடை முழுவதும் வெள்ளரி போட்டார். போடாமல் விட்டிருந்தால் முளை தப்பு என்று அவரே சொன்ன மாதிரி ஆகும். அதனால் போட்டார். நன்றாகக் காய்த்தது. அம்மா மேட்டுப்பக்கம் தட்டைப்பயறும் கொள்ளும் போட்டாள். மிச்ச நாள் கூலிக்குப் போனாள். கூரையில் ஓடு மாற்றவில்லை. மழைக்கு முன்னால் பிளாஸ்டிக் ஷீட் வாங்கி விரித்தாள், அதை என்னைத்தான் மேலே ஏறிக் கட்டச் சொன்னாள்.

என்னை அடிக்கவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை. கிடாயை மட்டும் மறு வாரமே விற்றுவிட்டாள்.

விஷுவுக்கு முந்தின நாள் எங்கள் பின்சுவர் மேல் ஒரு வெள்ளரிக்காய் இருந்தது. நல்ல மஞ்சள், என் இரண்டு கையும் சேர்த்தால்தான் தூக்க முடியும். யார் வைத்தது என்று அம்மா கேட்கவில்லை. கொக்கு வைத்திருக்கும் என்று நான் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நான் நல்ல ஹாஸ்யம் சொல்லிவிட்டதாக நினைத்து அதை இரண்டு மூன்று நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இப்போது எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எனக்கும் அதே கரைதான், அதே சேறுதான். முளை அடித்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன். அன்று விடிகாலையில் அம்மா அங்கே தனியாக நின்றிருக்கிறாள். கரையில் ஒரு ஆள் இல்லை. முளை கை எட்டும் தூரத்தில் இருந்தது. சரியான இடம் எது என்று அவளைவிடத் தெரிந்தவர் யாருமில்லை, அரை நாள் நின்று பார்த்து அடித்தவள் அவள். பிடுங்கி நட இரண்டு நிமிடம் போதும். அவள் செய்யவில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து காலைக் கழுவினாள். பட்டயம் இல்லாத இருபத்திரண்டு வீடு அந்தக் குச்சிகளை நம்பித்தான் சண்டையில்லாமல் பிழைத்தது. அவள் அதைத் தெரிந்தேதான் திரும்பி வந்தாள். நானாக இருந்தால் நட்டிருப்பேன்.

பெரியப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும், முழுச் சேறும் அவருக்கு. அவர் கேட்டது அதைத்தானே. ஊரே பக்கத்தில் நின்றது. கொக்கு என்றார்.

மறு வருடம் தை. முளை பெரியப்பாவின் முறை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். மூன்றாம் நாள் ராவுத்தர் கயிறு பிடித்தார். கயிறு இந்தத் தடவை அந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தது. ஓடை முழுவதும் எங்களிடம். ஓடையைத் தாண்டியும் கொஞ்சம் எங்களிடம். ராவுத்தர் தரையைப் பார்க்கவே இல்லை. இருப்பதைப் பிடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

நான் தப்படி போட்டு எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு. வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, பெரியப்பனுக்குக் கண்ணு மங்கிப்போச்சு. முளையை அவுங்க சேத்துக்குள்ளயே அடிச்சு வெச்சிருக்குறாரு. நம்மளுக்குப் பன்னெண்டு தப்படி சாஸ்தி."

"ஆருகிட்டயாச்சும் சொன்னயா?"

"இல்லை."

"சொல்லாத."

"அவருக்கே தெரியலை அம்மா" என்று சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. உள்ளே போனாள். முறத்தில் தட்டைப்பயறு கொட்டினாள். நல்ல பயறாகப் பார்த்துப் பொறுக்கினாள். சொத்தை ஒன்றையும் விடவில்லை.

"இதப் பெரியம்மாகிட்டக் குடுத்துட்டு வா."

"பேச்சில்லாத ஊட்டுக்கா?"

"நீ குடுத்துட்டு வா கண்ணு."

முறத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். மூன்று வருடத்தில் அந்த வீட்டு வாசற்படி ஏறுவது அன்றுதான். பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். முறத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆரு குடுத்துவுட்டது?"

"அம்மாங்க."

"ம்" என்றார். பீடி பற்றவில்லை. இன்னொரு குச்சி கிழித்தார். "உள்ள உங்க பெரியம்மா இருக்கா, போ."

பெரியம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். பயற்றைத் தன் பானையில் கொட்டினாள். முறத்தைத் தட்டினாள். பரணில் கை விட்டு ஒரு பிடி மிளகாய் வற்றல் எடுத்தாள், முறத்தில் போட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு பிடி போட்டாள். புகைக்கு அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

"இது எதுக்குங்க பெரியம்மா?"

"முறத்த வெறும் முறமாத் திருப்பிக் குடுக்கக் கூடாது அம்மிணி" என்றாள்.

அதற்காகத்தான் என்று நான் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.